எக்ஸ்றே அறைக்குள்ள வந்தது ஆர்?

பேய் பிசாசெண்டு ஆரும் கதைச்சா நான் சிரிக்கிற ஆள். நீங்களும் சிரியுங்கோ, பரவாயில்லை. ஆனா மாதாவாணை, இது நடந்தது.

என்ர மகள் டிலானிக்கு அப்ப நாலு வயசு. என்ன சாப்பாடு தீத்தினாலும் சத்தியெடுப்பாள். என்ர மனுசன்ர தங்கச்சி ஜெசிந்தா தீத்தினா மட்டும் கொஞ்சம் இறங்கும். பெத்தவள் நான், வாய் திறக்கிறது மச்சாளுக்கு! எனக்கு வயிறு பத்தியெரியும், ஏன் மறைப்பான்.

தொண்டைக்குள்ள என்ன பிழையெண்டு பாக்க, சுண்ணாம்பு கரைச்ச மாதிரி ஒரு வெள்ளை மருந்தைப் பருக்கி எக்ஸ்றே எடுக்கோணுமெண்டிச்சினம். எங்கட ஊர் பேசாலையில இருந்து பஸ்ஸேறி ஆஸ்பத்திரிக்குப் போனம். எப்பவாவதுதான் நடக்கும், ஆனா மருந்து சுவாசப்பைக்குள்ள போகலாமெண்டு டொக்டர் முதலே சொன்னவர். எனக்கு அடுத்தது வயித்தில. பிள்ளைத்தாச்சி உள்ள வரக்கூடாதாம். பிறகென்ன, ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு மச்சாள் மகாராணி மாதிரிப் போறாள், டிலானியும் அவளின்ர கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னைத் திரும்பியும் பாக்காமப் போறாள். நானெல்லோ உள்ள நிக்கோணும், நானெல்லோ எண்டு வெளி வாங்கில குந்திக்கொண்டு பல்லைக் கடிச்சன்.

திடீரெண்டு உள்ள இருமல், மச்சாளின்ர கத்தல். எழும்பப் பாத்தன், நம்பினா நம்புங்கோ, காலிரண்டும் விறைச்சுப் போச்சு. பக்கத்தில இருந்த மனுசி என்ர கையைப் பிடிச்சு செபம் சொல்லத் தொடங்கினா.

கதவு திறந்துது. டொக்டர் என்னைக் கண்டதும் ஏச்சு. "வயித்துப் பிள்ளையோட ஏன் உள்ள ஓடி வந்தனீங்கள்? ஆனா நல்ல காலம், நீங்கள் பிள்ளையைக் கவிட்டுப் பிடிச்சுத் தட்டியிராட்டி எல்லாம் சுவாசப்பைக்குள்ள போயிருக்கும்."

"நான் வரேல்லையே டொக்டர்!"

"இவ அசையவேயில்லை" எண்டு பக்கத்து மனுசியும் சொன்னா.

மச்சாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால வந்தாள். "அண்ணி, என்ர கையில இருந்து நீங்கள்தானே பறிச்சனீங்கள்" எண்டு அழுகிறாள்.

பிள்ளையை வாட்டில மறிச்சு வைச்சுப் பாத்திட்டு அனுப்பிச்சினம். பிள்ளை சுகம், நல்லா உடம்பும் வைச்சிட்டாள். ஆனா இப்ப மச்சாளிட்டையும் சாப்பிடுறாளில்லை. நான் சோத்துக் கோப்பையோட இந்தப் பக்கம் இருந்தா, ஆருமில்லாத மற்றப் பக்கம் திரும்பி வாயைத் திறக்கிறாள். மெண்டு விழுங்கிறாள். என்ர கோப்பையில சோறு அப்பிடியே கிடக்கும்.

"அம்மா இஞ்சையெல்லோ இருக்கிறன்" எண்டா, "நீங்கள் இல்லை, மற்ற அம்மா" எண்டுறாள்.

பயம் இருக்குதான். ஆனா அதைவிட எரிச்சல்தான் கூட. என்ர முகத்தோட வந்து, என்ர பிள்ளைக்கு, எனக்கு முன்னாலயே தீத்துறாள்.