கூமாப்பட்டி பக்கிள்

குதிரையின் வயிற்று வாரில் மாட்டும் பக்கிளைக் கொஞ்சம் வளைத்துச் செய்தால் நல்லது என்று முதலில் சொன்னது நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவைதான்.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டின் பின்கட்டிலேயே பட்டறை இருந்தது. என் கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். கதவுக்குக் கீல், தாழ்ப்பாள், கொண்டி. குதிரை வண்டிக்கு வளையம், கொக்கி, கடிவாளக் கம்பி, பக்கிள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நிற்கும் ஜட்கா வண்டிக்காரர்களில் பாதிப்பேர் எங்களிடம்தான் வாங்கினார்கள். அண்ணனும் தம்பியும் இரும்புப் பட்டையை வெட்டி, மடக்கி, வெல்டிங் வைத்துத் தருவார்கள். வெட்டிய ஓரமெல்லாம் பிளேடு மாதிரி பிசிறாக இருக்கும். அதை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குவது என் வேலை. கல்யாணமான மூன்றாம் மாதமே உட்கார்ந்துவிட்டேன். என் விரலில் எந்நேரமும் இரும்பு வாடை இருக்கும். சோறு பிசையும்போதுகூடப் போகாது.

ஒருநாள் மத்தியானம், ராவி முடித்த பக்கிள் ஒன்றைச் சும்மா என் முன்கையில் வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒட்டியது, இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டு நின்றன. கையை அசைத்தால் ஏதாவது ஓர் ஓரம் தோலில் பதிந்தது. குதிரை வயிறும் உருண்டைதானே, அதிலும் இப்படித்தானே ஆடி ஆடிக் குத்தும் என்று நினைத்தேன். சாப்பாடு போடும்போது கணவரிடம் சொன்னேன்.

"ஏங்க, அந்தப் பக்கிளைச் செத்த வளைச்சு அடிச்சா என்ன?"

"வளைச்சா முள்ளு சரியா உக்காராது. மோரை ஊத்து."

அவ்வளவுதான். முள் என்பது வாரின் துளைக்குள் போகும் சின்னக் கம்பி. அது உட்காராது என்றால் உட்காராது போலும் என்று நானும் விட்டுவிட்டேன். வேலை தெரிந்தவர் சொல்கிறாரே.

நான் அந்த வீட்டுக்கு வந்த எட்டாம் வருடம் கொழுந்தனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் கூமாப்பட்டி. நல்ல நிறம், என்னைவிட ஒரு சாண் உயரம், பிளஸ் டூ படித்தவள். அவள் அப்பாவுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. தோப்புக்குப் போய்வர ஒரு மட்டக்குதிரையும் வைத்திருந்தாராம். வந்த நாளிலிருந்து "யக்கா, யக்கா" என்று என் பின்னாலேயே திரிந்தாள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் வசூலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்பும் கொழுந்தன் ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பால்கோவா வாங்கி வந்தார். அவளும் பொட்டலத்தைப் பிரித்து முதல் விள்ளலை எனக்குத்தான் நீட்டுவாள். அதை வாங்கித் தின்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. என் கணவரும் அதே ஊருக்கு அதே பஸ்ஸில்தான் எட்டு வருடமாகப் போய்வந்துகொண்டிருந்தார்.

அவள் வந்து இரண்டு மாதம் இருக்கும். ராஜபாளையத்துக்குச் சவாரி வந்த பாய் ஒருவர் எங்கள் வாசலில் வண்டியை அவிழ்த்துவிட்டுக் குதிரைக்குத் தண்ணீர் காட்டினார். எங்கள் பழைய வாடிக்கை. ஒடிந்துபோன கொக்கிக்குப் பதில் வேறு கேட்டார். எனக்குக் குதிரை என்றாலே பயம். எட்டு வருடம் குதிரைச் சாமான் ராவியிருக்கிறேன். ஒரு குதிரையைக்கூடத் தொட்டதில்லை. வாசல் கதவுக்கு இந்தப்பக்கமே நின்றேன். அவளோ நேரே போய் அதன் கழுத்தைத் தடவினாள். குனிந்து வயிற்று வாரைத் தூக்கிப் பார்த்தாள்.

"பாய், இங்க பாருங்க. முடி கொட்டித் தடிச்சுப் போயிருக்கு."

"அது எல்லாக் குதிரைக்கும் இருக்கும் தாயி."

"எல்லாத்துக்கும் இருந்தா எல்லாப் பக்கிளும் சரியில்லைன்னுதான அர்த்தம்?" என்றவள் தன் கையை நீட்டி வளையலைக் காட்டினாள். "இது தட்டையா இருந்தா நான் போட முடியுமா? உடம்பு உருண்டையா இருக்கு, பக்கிள் பலகை மாதிரி இருக்கு. வளைச்சில்ல செய்யணும்?"

பாய் சிரித்துவிட்டார். "எம்புட்டு வருசமா வாரேன். இந்தப் பட்டறையில ஒருத்தரும் இதைச் சொல்லலையே!"

என் கணவர் அந்தப் பக்கிளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரியாத்தான் சொல்லுது" என்றார். உள்ளே போய் அதைக் காய்ச்சி, பட்டறைக்கல்லில் வைத்து நாலு தட்டுத் தட்டினார். முள் உட்காரவில்லை. முள்ளையும் கழற்றி அதே போல வளைத்தார். உட்கார்ந்துவிட்டது. என்னிடம் உட்காராது என்று சொன்ன அதே முள்.

அன்று சாப்பிடும்போது கேட்டேன். "இதைத்தான நானும் அன்னைக்குச் சொன்னேன்?"

"நீ எப்பட்டி சொன்ன?"

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. பொய் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஒரே மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அந்தப் பாய் தன் குதிரைக்கு முடி முளைத்துவிட்டது என்று காட்டிக் காட்டிச் சொன்னாராம். ஒருத்தர் பின் ஒருத்தராக வந்து கேட்டார்கள். "வளைஞ்ச பக்கிள் குடுங்க" என்று கேட்டாலே போதாதா? "கூமாப்பட்டிப் பொண்ணு சொன்ன பக்கிள்" என்றார்கள். பிறகு அது சுருங்கி "கூமாப்பட்டி பக்கிள்" ஆனது. என் கணவரே அப்படித்தான் சொல்ல ஆரம்பித்தார். "கூமாப்பட்டி நாப்பது ராவணும்" என்று என் முன்னால் கொண்டுவந்து கொட்டுவார். நான் அவள் ஊர்ப்பெயரை மடியில் போட்டுக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை ராவினேன்.

வளைந்த பக்கிளை ராவுவது சுலபமில்லை. வெளிப்பக்கம் பரவாயில்லை. உட்பக்கக் குழிவுக்குச் சாதாரண அரம் எட்டாது. அரைவட்ட அரம் வேண்டும், நேரமும் இரண்டு மடங்கு ஆகும். அந்த வேலை யாருக்குக் கூடியது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. அவள் மட்டும் ஒருநாள் வந்து, "யக்கா, நானும் ராவட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். உனக்குக் கை பழகாது" என்றேன்.

இதையும் அவளுக்கு விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

நான் செய்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். ஒரு சாயங்காலம் கடைசிப் பக்கிள் கையில் இருந்தது. உட்பக்கம் பிசிறு அப்படியே இருந்தது. முற்றத்தில் அவளும் கொழுந்தனும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு என் கணவரும் சிரித்தார். என்னோடு இருக்கும்போது அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. வெளிப்பக்கத்தை மட்டும் பளபளவென்று ஆக்கி, உட்பக்கத்தை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்து, தெரிந்தே மற்றவற்றோடு போட்டுவிட்டேன். குதிரையை நான் நினைக்கவில்லை. யாராவது திருப்பிக் கொண்டுவந்து, "என்ன இது, உங்க கூமாப்பட்டி சரியில்லையே" என்று சொல்ல வேண்டும், அவள் முகம் சுருங்க வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

பத்து நாள் கழித்து அதே பாய் வந்தார். வண்டி இல்லை. குதிரையைக் கையில் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நடத்தியே கூட்டி வந்திருந்தார். பழைய வார் இற்றுப்போனதால் புது வாரும் புதுப் பக்கிளும் மாட்டியிருந்தாராம். வயிற்றில் விரல் நீளத்துக்குக் கிழிந்து, ஈ மொய்த்தது.

"கழட்டிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. வாயில்லாச் சீவன், வலிச்சும் இழுத்திருக்கு" என்றார். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டது கொழுந்தன், அதுவும் பெண்டாட்டியைப் பார்த்து. "உன் பேச்சைக் கேட்டு வளைச்சோம்ல, பாரு! அம்புட்டுப் பேருக்கும் குடுத்திருக்கோம். இனி எத்தனை குதிரைக்கு ஆகியிருக்கோ!" என் கணவரும், "பழையபடி தட்டையாவே அடிப்போம்" என்றார்.

அவள் முகம் சுருங்கியது. நான் ஆசைப்பட்ட அதே மாதிரி. ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? பிறகு அவள் உள்ளே போய் வெந்நீரும் மஞ்சளும் எடுத்து வந்தாள்.

"யக்கா, கயித்தைப் பிடிங்க" என்றாள்.

பாய் தலைப்பக்கம் நின்று அதன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் நான் கயிற்றைப் பிடித்தேன். அவள் காயத்தைக் கழுவும்போது குதிரை உதறியது. கயிறு வழியாக அந்த நடுக்கம் என் கைக்கு வந்தது. காயத்தைக் கழுவி முடித்தவள், பாய் கொண்டுவந்திருந்த பக்கிளை எடுத்து உட்பக்கத்தைக் கட்டை விரலால் தடவினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஆண்கள் பக்கம் திரும்பி, "வளைச்சதுல தப்பில்ல. அரைவட்ட அரம் தேஞ்சு போயிருக்கு. வேற வாங்குங்க" என்றாள்.

அரம் தேயவில்லை. போன மாதம் வாங்கியது. அது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் காலை பட்டறையில் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். "அரம் தேயல. நான்தான் உள்பக்கம் ராவாம விட்டேன்."

என் கணவர் நிமிரக்கூட இல்லை. "எட்டு வருசத்துல ஒண்ணு தப்பிருக்கு, போகட்டும்" என்றார்.

"மதினி மேல யார் குத்தம் சொன்னா இப்ப?" என்றார் கொழுந்தன்.

நான் செய்த கெட்டதைக்கூட அவர்கள் நான் செய்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குமேல் விளக்கிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். துணி துவைக்கும் கல்லுக்கு என் பின்னாலேயே வந்தாள்.

"மறந்து விட்டீங்களா, தெரிஞ்சு விட்டீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"எம்மேல கோவம்னா என்னைப் பிடிச்சு நாலு வார்த்தை கேட்டிருக்கணும். அந்தக் குதிரை என்னக்கா செஞ்சது உங்கள?"

நான் துணியை எடுத்துக் கல்லில் அடிக்க ஆரம்பித்தேன். இருபது நாளுக்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை. 'யக்கா' இல்லாமல் அந்த வீடு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. நான் தப்பு செய்தேன், அவள் மறைத்தாள். இதிலும் அவளே ஒரு படி மேலே நின்றாள் என்றுதான் மனது கணக்குப் போட்டது.

அந்த இருபது நாளில் நான் ஒன்று செய்தேன். மீதியிருந்த பக்கிள்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கும்போது, பிசிறு ஏன் வருகிறது என்று யோசித்தேன். பட்டையை வெட்டுவதால் வருகிறது. வெட்டுவதற்கு ஓரமே இல்லாமல் இருந்தால்? கணவரிடம் போனேன். இந்தத் தடவை சாப்பாட்டு நேரத்தில் இல்லை. பட்டறைக்குள், அவர் கையில் சுத்தியல் இருக்கும்போது.

"பட்டை வேண்டாம். உருட்டுக் கம்பில செய்ங்க. ஓரம் இருக்காது, பிசிறும் வராது. நான் ராவினாலும் ராவாட்டியும் குதிரையக் குத்தாது."

'ராவாட்டியும்' என்ற வார்த்தை உறைத்ததோ என்னவோ, அவர் மோர் கேட்கவில்லை. கம்பியை எடுத்து, வளைத்து, ஒன்று செய்தார். முள் உட்காரும் இடத்தில் மட்டும் லேசாகத் தட்டையாக்கச் சொன்னேன், அதையும் செய்தார். நானே அதை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பாயின் குதிரை நின்றது. காயம் ஆறித் தழும்பாகியிருந்தது. பாய் மாட்டிக் காட்டினார். நான் பயந்து பயந்து விரலை வாருக்கும் தோலுக்கும் நடுவில் விட்டுப் பார்த்தேன். எங்கேயும் குத்தவில்லை. குதிரையின் வயிறு இவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அதற்குப் பிறகு கம்பிப் பக்கிள்தான் போட்டோம். ஓரகத்தியும் மெல்லப் பேச ஆரம்பித்தாள். முன்போல இல்லை, அளந்துதான் பேசினாள். நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஸ்ரீவில்லிபுத்தூர் போய், எங்கள் சாமான் மாட்டிய குதிரைகளை நின்று பார்த்துவிட்டு வருவதை வழக்கமாக்கிக்கொண்டேன். கடிவாளக் கம்பி வாயோரத்தில் உரசுகிறதா, வளையம் சுற்றுகிறதா என்று வண்டிக்காரர்களே கூப்பிட்டுக் காட்டினார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள், கான்சாபுரத்திலிருந்து ஒருவர் கல்யாண ஊர்வலத்துக்கு விடும் வெள்ளைக் குதிரையோடு வந்தார். எந்தக் கடிவாளக் கம்பியும் அதற்குச் சேரவில்லையாம், வாயெல்லாம் புண். கொழுந்தன் வழக்கம்போல உள்ளே திரும்பித் தன் பெண்டாட்டியைக் கூப்பிட்டார். அந்த ஆள் குறுக்கிட்டார்.

"அவுக இல்ல. வில்லிபுத்தூர்ல வந்து பாப்பாகளே, மூத்தவுக, அவுகளத்தான் பாக்கச் சொன்னாக."

நான் ஒரு நூலை எடுத்துக்கொண்டு போனேன். குதிரையின் தாடையை ஒரு கையால் ஏந்தி, வாயின் அகலத்தை நூலால் அளந்து முடிச்சுப் போட்டேன். திரும்பினால், கதவுக்கு அந்தப்பக்கம் அவள் நின்றிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ வருடம் நான் அவளைப் பார்த்த பார்வை அது. அதைப் பார்த்து நான் இரக்கப்பட்டிருக்க வேண்டும். இரக்கம் வரவில்லை. உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"யக்கா, நூலோட இன்னொரு முனையை நான் பிடிக்கட்டுமா?" என்றாள்.

"வேண்டாம், நானே பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, அளந்ததையே மறுபடி ஒருதரம் நிதானமாக அளந்தேன்.