ஆறு விரல் படம்

போஸ்டரை மேசைமேல் விரித்ததும் மைக்கேல்ராஜ் முதலில் பார்ப்பது குழந்தையின் முகத்தை அல்ல, கைகளை. குனிந்து விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். ஐந்து இருந்தால் "ம்ம்" என்பார். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே வரைந்து தள்ளும் படங்களில் சில சமயம் ஆறு இருந்துவிடும். அதை உடனே சுருட்டி, திருப்பி அனுப்பும் கட்டுக்குள் செருகிவிடுவார்.

காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவருடைய ஃபிரேம் கடை. மாதா, முருகன், மக்கா எல்லாரும் ஒரே சுவரில்தான் இருக்கிறார்கள். ஆனால் கடையை வாழவைப்பவை குழந்தைப் படங்கள். கர்ப்பிணி கண்விழித்ததும் பார்க்கிற முகத்தின் சாயலில் பிள்ளை பிறக்கும் என்று இங்கே வீட்டுக்கு வீடு நம்பிக்கை. புருஷனும் பெண்சாதியுமாக வந்து படம் பொறுக்கும் கூத்தைப் பார்க்க வேண்டுமே, ஜவுளிக்கடை தோற்றுவிடும். கன்னத்தில் குழி வேண்டும், முடி சுருளக் கூடாது, மூக்கு மட்டும் மாமியார் பக்கம் போய்விடக் கூடாது. திருநள்ளாற்றுப் பக்கத்து விவசாயி பஞ்சநாதன் ஒரு நீலக்கண் குழந்தையைப் பார்த்து மிரண்டே போனார். "இந்தக் கண்ணு வேணாங்க, ஊர்ல வேற மாதிரி பேசுவாங்க."

"அப்ப பக்கத்துப் படத்த எடுங்க. வெல ஒண்ணுதான்" என்பார் மைக்கேல்ராஜ். எல்லாருக்கும் இதே பதில்தான்.

அவருடைய இடது கையில் சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு குட்டி விரல் உண்டு. அப்பா ஆரோக்கியஜோசப்புக்கும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர் 'அரை டஜன்'. அது இன்னும் உறுத்துகிறது போலும். யாராவது போட்டோ எடுத்தால் அந்தக் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

இப்போது மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வருஷக்கணக்காகக் காத்திருந்து மனைவி ஜூலியட் உண்டாகியிருக்கிறாள். அளந்த கண்ணாடியையே மறுபடி அளக்கிறார், குடித்த டீக்கு மறுபடி டீ சொல்கிறார். அந்த ஆறாம் விரல் பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டர். வந்தாலும் கெடுதல் இல்லை என்றும் சொன்னார், அது மட்டும் இவர் காதில் ஏறவில்லை. சரி, ஸ்கேனில் பார்த்துவிடலாம் என்று போனால் பிள்ளை முஷ்டியை இறுக்கி மூடிக்கொண்டது. அன்றிலிருந்து கடையில் இருக்கும் நல்ல படங்களெல்லாம் சாயங்காலம் வீட்டுக்குப் போவதும், ஜூலியட்டுக்குப் பிடிக்காமல் காலையில் கடைக்குத் திரும்புவதுமாக இருந்தன.

போன வாரம் படம் வாங்க வந்த கோவில்பத்து நித்யஸ்ரீ ஒரு செய்தி சொன்னாள். வெளிநாட்டில் கருவைச் சோதித்து, வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்துகொண்டிருக்கிறதாம். உயரம், கண் நிறம்கூட ஒருநாள் கைக்குள் வந்துவிடுமாம். இவர் கையிலிருந்த ஃபிரேமைக் கீழே வைத்துவிட்டார்.

"வெரலுமாங்க?"

அதுவும்தான் என்றாள். அன்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் பறந்தார்.

ஜூலியட் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அடுத்த பிள்ளைக்காவது அந்த விரல் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் மூச்சுவிடாமல் கொட்டியதை முழுதும் கேட்டுக்கொண்டாள்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்குக் கைய மறைச்சுகிட்டே காபி வாங்குனீங்க. நா அந்த வெரலத்தான் பாத்தேன். பாத்துட்டுத்தான் சரின்னேன்" என்றாள். பிறகு, அரிவாள்மணையிலிருந்து நிமிராமலே, "நீங்க கொண்டாந்த படத்துல ஒண்ணுலகூட அது இல்லீங்களே" என்றாள்.

ராத்திரி மைக்கேல்ராஜுக்குச் சாப்பாட்டில் மனம் போகவில்லை. சந்தோஷத்தில் மனிதர் திக்குமுக்காடிப் போயிருந்தார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் திருப்பி அனுப்பும் கட்டை அவிழ்த்தார். ஒரு படத்தை உருவி விரித்து, விரல்களை எண்ணி, "ம்ம்" என்றார். கடையிலேயே உசத்தியான தேக்குச் சட்டத்தை எடுத்து அளவு பார்த்தார்.

மாதா படத்துக்குக் கண்ணாடி போட வந்து நின்ற பெண்மணி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இந்தப் புள்ளைக்கு ஒரு வெரல் கூட இருக்கே, பாக்கலியா?"

மைக்கேல்ராஜ் இடது கையை மேசைமேல் நன்றாக விரித்து வைத்தார்.