அரை மீசையோடு திரிந்த நாட்கள்

எங்கள் தோட்டத்து முனையில் இருக்கும் முடிதிருத்தும் கடையில் வேலை செய்யும் தம்பி, சிவகங்கைப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி இந்த மலாய் மண்ணுக்கு வேலைக்கு வந்தவன். பஞ்சுக் கை. அவன் சவரம் செய்தால் எனக்குத் தூக்கமே வந்துவிடும். அன்றைக்கும் சபாக் எண்ணெய் ஆலையில் செம்பனைக் குலைகளை இறக்கிவிட்டு வந்து, லோரியை ஓரங்கட்டி, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன். பாதி முகத்தில் கத்தி நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்தால், பையன் போனைப் பார்த்துக் கண் கலங்கி நிற்கிறான்.

"என்னாடா?"

"அக்கா பொண்ணுக்கு அடுத்த வாரம் காதுகுத்துண்ணே. தாய்மாமன் மடியிலதான் உட்கார வைக்கணும்னு எனக்காகவே தள்ளித் தள்ளி வச்சிருந்தாங்க. மூணு வயசாச்சு. இனிமே தள்ள முடியாதாம்."

"போயிட்டு வாயேன்."

"பாஸ்போர்ட் முதலாளிகிட்ட இருக்குண்ணே. காலையிலயே கேட்டேன். தரமாட்டேன்னுட்டாரு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கழுத்தில் கட்டிய துணியோடு பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். முதலாளி அங்கேதான் இருந்தார். நாளெல்லாம் அங்கேதான் இருப்பார். கோயில் கமிட்டித் தலைவர் வேறு.

"அடுத்தவன் பாஸ்போர்ட்டப் பூட்டி வைக்கிறது சட்டப்படி குத்தம். தெரியுமில்ல?"

"எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்கான். இவன் ஓடிப்போயிட்டா நீ வந்து முடி வெட்டுவியா?"

"ஓடுனா ஓடிட்டுப் போறான் லா! அவன் என்ன உங்க வீட்டு ஆடா, கட்டிப் போட?"

"மொதல்ல போய் மூஞ்சியக் கழுவு" என்றார். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு யோசனை வந்தது.

"கழுவுறேன். ஆனா அவன் கைக்குப் பாஸ்போர்ட் வர்ற வரைக்கும் மூஞ்சி இப்படியே பாதியாத்தான் இருக்கும். கேக்குறவன்கிட்டயெல்லாம் எந்தக் கடை, என்னா காரணம்னு சொல்லுவேன்."

தம்பியிடம் வந்து சொன்னால், அவன் முகம் வெளிறிவிட்டது. "என் வேலை போயிடும்ணே." நியாயம்தான். கோபப்படுவது என் வேலை, வேலை போவது அவனுக்கு. "வேணாம்னா சொல்லு, மிச்சத்தையும் எடுத்துடு" என்றேன்.

கண்ணாடியில் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கத்தியை எடுத்து, என் மீசையில் சரிபாதியை மழித்தான். மூக்குக்கு நேர் கீழே கோடு போட்ட மாதிரி நின்றது. மீசையைத் தொடச் சொல்லி நான் கேட்கவே இல்லை, பாவிப் பயல்!

"ஒரு பக்கம் பார்த்தா மாப்பிள்ளை, இன்னொரு பக்கம் பார்த்தா போலீஸ் தேடுற ஆளு" என்றாள் என் மனைவி. ஆலைக் காவலாளி என்னோடு படம் எடுத்துக்கொண்டான். தஞ்சோங் காராங்கில் நெல் போடும் மலாய்க்காரர் ஒருவர் முழுக் கதையையும் கேட்டு, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, வழியில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். விஷயம் கோயில் வரைக்கும் போய், முதலாளி மனைவி காதில் விழுந்தது.

மறுநாள் காலையில் முதலாளி கடைக்குள் வந்தார். பாஸ்போர்ட்டைத் தம்பி கையில் வைத்தார்.

"வீட்டுல சோறு போடமாட்டேங்குறா லா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

காதுகுத்து அன்று தேத்தண்ணிக் கடையில் நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். முதலாளியும் இருந்தார். தம்பி ஊரிலிருந்து போனில் முகம் காட்டினான். மடியில் மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் குழந்தை. இவனைக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"குத்துறப்பக்கூட அழலைண்ணே" என்று சிரித்தான். "முடிஞ்சதும் என் மூஞ்சியப் பார்த்து, 'நீங்க யாரு'ன்னு கேட்டுச்சு."

"நீ என்னாடா சொன்னே?"

"உன் மாமான்னு சொன்னேன். 'இல்ல, மாமா போன்ல இருக்காரு'ங்குது."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். முதலாளி சிரிக்கவில்லை. போனை மெல்ல என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார்.