குளியலறைச் சுவரில் இரண்டு புள்ளிகள்

பண்டமாரானில் அக்கா வீட்டுக் குளியலறைச் சுவரில், இடுப்பளவு உயரத்தில், இரண்டு கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. வெள்ளை டைலில் மார்க்கர் பேனாவால் வைத்தவை. வைத்தவர் அத்தான். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளக்காமல் செய்ய மாட்டார். அன்றும் அப்படித்தான், நாடாவை இழுத்து அளந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, மறுபடி அளந்துவிட்டுத்தான் வைத்தார். அந்த இடங்களில் துளை போட்டு ஒரு பிடிகம்பியைப் பூட்டுவது என்பது திட்டம்.

அத்தான் கிள்ளான் துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டினார். சர்க்கரை வியாதியில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்ட பிறகு ஈரத் தரையில் அவருக்குக் கால் நிற்காது. லோரியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் ராஜா. குளியலறைக்குள் நுழைந்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடக்க வேண்டும். ஒருமுறை வழுக்கி விழுந்து முழங்கை வீங்கியது. சுவரில் உறிஞ்சிக்கொண்டு நிற்கும் ரப்பர் கைப்பிடி ஒன்றை வாங்கி ஒட்டினார். ஒரு நாள் குளிக்கும்போது அது கையோடு வந்துவிட்டது. ஆள் வைத்துக் கம்பி போடலாம் என்றால், இரண்டு துளைக்காக யாரும் வரத் தயாராக இல்லை. "சொந்தமா ஒரு டிரில் வாங்கிடுவோம் மச்சான், வீட்டுல எவ்வளவோ வேல கெடக்குலா" என்றார்.

அப்புறம் அவர் பேச்செல்லாம் டிரில்தான். பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை முடிந்து ரயில் ஏறுகிற நேரம் பார்த்து வீடியோ அனுப்புவார். பன்னிரண்டு வோல்ட் போதுமா, இருபது வேண்டுமா, பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேள்வி மேல் கேள்வி. தன்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை என்று அக்கா கேலி செய்தாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை கிள்ளானில் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தார்கள். பெயர் பெற்ற கம்பெனியுடையது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதைச் சும்மா பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மிக மலிவானது கைக்கு அடக்கமாக, விளையாட்டுச் சாமான் போல இருந்தது. அலமாரி பூட்ட அது போதும், கொங்கிரீட்டில் இறங்காது. நடுவில் இருந்த இருபது வோல்ட் டிரில்லில், சுற்றும்போதே சுவரை இடித்துக்கொண்டு போகிற வசதி இருந்தது. பர்மிட்டில் வந்து அங்கே வேலை பார்க்கும் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், "பிளாட்டுச் செவருன்னா இடிக்கிறதுதாண்ணே வேணும்" என்றார். உடைந்த சிமெண்டுக் கல் ஒன்றைக் காலால் அணைத்துக்கொண்டு அத்தான் ஓட்டிப் பார்த்தார். கடையே அதிர்ந்தது. கடை முதலாளி தவுக்கே காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கூடுதல் பேட்டரி வேண்டாம், ஒரு வீட்டுக்கு ஒன்று தாராளம் என்று அத்தானே முடிவு செய்தார். இன்றைக்கு யோசித்துப் பார்த்தாலும் அது சரியான சாமான்தான். வாங்கியதில் ஒரு பிழையும் இல்லை.

பேட்டரி சார்ஜ் ஏறும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை. அதற்குள், முன்பே வாங்கி வைத்திருந்த கம்பியைச் சுவரில் வைத்துப் பார்த்துப் புள்ளிகளை வைத்துவிட்டார். டிரில்லை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது, அக்கா அடுப்படியிலிருந்து வந்து குளியலறை வாசலில் நின்றாள்.

"இன்னிக்கு வேணாங்க."

"ஏன்? பத்து நிமிஷ வேல."

நான் கூடத்தில் இருப்பதை மறந்துவிட்டாள் போல. "இனிமே கொஞ்ச மாசத்துக்கு வேணாம். நாள் தள்ளிப் போயிருக்கு" என்றாள்.

வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது என்பது எங்கள் உறவுகளில் பாதிப் பேர் சொல்வது. கீழ்வீட்டுச் சீன ஆன்டியும் அதையேதான் சொல்வார். தமிழரும் சீனரும் ஒத்துப்போகிற விஷயம் இந்த ஊரில் எத்தனை இருக்கிறது? இதில் ஒத்துப்போனார்கள். அதற்குச் சில வருஷங்களுக்கு முன், அடுப்படி அலமாரி பூட்ட ஆட்கள் வந்து இடித்த வாரத்தில்தான் அக்காவுக்குக் கரு கலைந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். இழந்தவளுக்கு அது போதவில்லை.

அத்தான் வெளியே வந்து, டிரில்லைப் பழைய கைலியில் சுற்றி அலமாரிமேல் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அக்காவை ஒரு நாள் சாலாக் செலாத்தானில் என் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறேன், அதற்குள் போட்டுவிடுங்கள் என்றேன். இடிக்கிறது தன் வீட்டுச் சுவரைத்தானே, தான் எங்கே இருந்தால் என்ன என்று அக்கா கேட்டாள். அத்தான் என் தோளைத் தட்டினார். "விடு மச்சான். புள்ள வரட்டும். மொத ஓட்ட நீயே போடு."

அக்காவுக்கு எட்டாம் மாதம், ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பக் குளிக்கப் போனவர் வழுக்கி விழுந்தார். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் பின்தலை அடித்தது. சத்தம் கேட்டு ஓடிப்போனபோது அவருடைய ஒரு கை சுவரை ஒட்டிக் கிடந்தது என்று அக்கா ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, பிள்ளைத்தாய்ச்சி பிணத்தைப் பார்க்கக் கூடாது என்று உறவுக்காரப் பெண்கள் அக்காவை உள்ளறையில் உட்கார வைத்தார்கள். அவள் உட்கார்ந்தாள். ஒப்பாரி தொடங்கியதும் எழுந்து, தடுத்த கைகளை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு வந்து, அவர் தலைமாட்டில் அமர்ந்தாள். "எல்லாந்தான் கேட்டேன். இத கேக்க மாட்டேன்" என்றாள்.

பெண் குழந்தை. நல்ல எடையோடு, குறை ஒன்றும் இல்லாமல் பிறந்தது. பார்க்க வந்தவர்களில் ஒருத்தி, சொன்னதையெல்லாம் கேட்டு நடந்ததால்தான் பிள்ளை முழுசாக வந்தது என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா அதற்கும் தலையாட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று இன்றுவரை தெரியவில்லை. அக்காமேல் காட்ட முடியுமா? அவள் கேட்டது ஒரு பிள்ளையைத்தானே.

குழந்தைக்கு முப்பதாம் நாள் கும்பிட்டு முடிந்த பிறகு, கம்பியைப் போட்டுவிடு என்று அக்காவே சொன்னாள். கைலியைப் பிரித்தேன். சார்ஜ் ஏற்றிக்கொண்டு புள்ளியில் முனையை வைத்தபோது வாசலில் வந்து நின்றாள். "அங்க வேணாம். எதிர்ச் செவத்துல போடு." எதிர்ச் சுவரில் போட்டேன். டிரில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. இரண்டு துளை, இரண்டு திருகு. அத்தான் சொன்ன பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தரையில் விழுந்த வெள்ளைத் தூளைக் கூட்டி அள்ளும்போதுதான் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது அக்கா மகள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் குளிக்கிறாள். போன வாரம் போயிருந்தபோது கை கழுவப் போனேன். கம்பிக்கு எதிரே, அத்தான் வைத்த புள்ளிகள் கன்னங்கரேல் என்று இருந்தன. இத்தனை சோப்புக்கும் தண்ணீருக்கும் மார்க்கர் மை எப்படித் தாங்குகிறது என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். ஷாம்பூ வைக்கும் தட்டில், பல்துலக்கிகளுக்கு நடுவே, மூடி போட்ட ஒரு கறுப்பு மார்க்கர் நின்றுகொண்டிருந்தது.