பூட்டிய கதவு வழியே கொலையைப் பார்த்த சாட்சி

தீர்ப்பு நகலைப் படித்து முடித்ததும் அதை மேசைமேல் எறிந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த செல்வி பயந்துபோனாள். அவள் கணவன் முருகேசனுக்கு செஷன்ஸ் கோர்ட் ஆயுள் தண்டனை விதித்திருந்தது. காரைக்குடியில் எத்தனையோ கிரிமினல் கேஸ் நடத்தியிருக்கிறேன். தீர்ப்பைப் படித்துக் கோபம் வருவது எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஜூனியர்கள் கேட்டதால் எழுதுகிறேன், அடக்கமாக எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நேமத்தான்பட்டிப் பக்கம் ஒரு பெரிய வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பங்காளிகள் பலருக்கும் பொதுவான வீடு, எல்லோரும் வெளியூரில். காவலுக்கு இருந்தவர் கருப்பையா. ஒருநாள் காலையில் பின்கட்டுக் கிணற்றடியில் வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்தார். அதற்குச் சில நாள் முன்பு, அங்கே ஓடு மாற்ற வந்த கொத்தனார் முருகேசனுக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை நடந்திருக்கிறது. போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது.

கண்ணால் பார்த்த சாட்சிகள் இரண்டு பேர். முதல் ஆள், முன்தெருவில் டீக்கடை வைத்திருப்பவர். திறந்திருந்த முன்வாசல் வழியாக, வளவு என்னும் உள்முற்றத்தில் முருகேசன் வெட்டியதைப் பார்த்ததாகவும், அரிவாளோடு தன் கடையைத் தாண்டித்தான் ஓடினான் என்றும் சாட்சி சொன்னார். இரண்டாவது, பின்தெரு வழியே களையெடுக்கப் போன ஓர் அம்மாள். கிணற்றடியில் வெட்டினான், பின்சுவர் ஏறிக் குதித்து ஓடினான் என்று அவர் சொன்னார்.

ஒரு மனிதன் ஒரே சமயத்தில் இரண்டு தெருவில் எப்படி ஓடுவான்? செஷன்ஸ் கோர்ட்டுக்கு இது உறைக்கவில்லை. கிராமத்துச் சாட்சிகளிடம் சிறு முரண்பாடுகள் இயல்பே, இருவரும் ஒரே ஆளைத்தான் அடையாளம் காட்டுகிறார்கள் என்று எழுதிவிட்டார்கள். சிறு முரண்பாடாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அதற்குத் தீர்ப்பு என்று பெயர் வைத்தால் வயிறு எரியாதா?

மேல்முறையீட்டில் புதிதாகச் சாட்சி விசாரணை பொதுவாகக் கிடையாது. கீழ்க்கோர்ட்டில் சொன்னதை வைத்துத்தான் வாதாட வேண்டும். அதனால் சாட்சியம் முழுவதையும் மறுபடி படித்தேன். கருப்பையாவின் மனைவி பாண்டியம்மாள் கூண்டில் சொன்ன ஒரு பதில் கண்ணில் பட்டது. வீட்டுக்குள் எப்படிப் போய் வருவீர்கள் என்று அரசு வக்கீல் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். "பின்வாசல் வழியாத்தேன் போவோம். முன்வாசச் சாவி எங்ககிட்டக் கெடையாது, மெட்ராசுல இருக்க பெரிய பங்காளி வீட்டுல இருக்கு. சாமி கும்புட எல்லாரும் வந்தாத்தேன் தொறப்பாக. அன்னைக்கும் பூட்டித்தேன் கெடந்துச்சு" என்று அந்தம்மா சொல்லியிருக்கிறார்.

இந்தப் பக்கத்தில் வளர்ந்த யாருக்கும் இது தெரிந்த விஷயம். பங்காளி வீட்டுத் தலைவாசலை ஒருத்தர் இஷ்டத்துக்குத் திறக்க முடியாது. கார் பிடித்து வந்து படமெடுப்பவர்கள்கூட அந்தச் சாத்திய கதவைத்தான் எடுத்துப் போகிறார்கள். வெளிமாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டருக்கு அது தெரியவில்லை. ஒரு சாட்சி போதாதென்று, முன்தெருவில் ஜீப்பை நிறுத்திய இடத்திலேயே, டீக்கடைக்காரரை இன்னொரு சாட்சியாகத் தயார் செய்துவிட்டார். கீழ்க்கோர்ட்டில் முருகேசனுக்கு ஆஜரான வெளியூர் வக்கீல் கதவைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. டீக்கடைக்காரருக்கோ நன்றாகவே தெரியும். கேஸ் முடிந்தபிறகு அவரிடமே கேட்டேன். "கடை பொறம்போக்குல இருக்கும்மா. அவுக சொன்னதச் சொன்னேன்" என்றார். ஒரு பெஞ்சையும் பாய்லரையும் காப்பாற்ற ஒரு மனிதனை உள்ளே தள்ளியிருக்கிறார்.

மதுரை ஐகோர்ட் கிளையில் அப்பீல் விசாரணைக்கு வந்தது. பாண்டியம்மாளின் பதிலை வாசித்துக் காட்டினேன். பெஞ்சில் மூத்த நீதிபதி அரசு வக்கீலைப் பார்த்து, கதவு பூட்டியிருந்தால் உங்கள் சாட்சி எதன் வழியாகப் பார்த்தார் என்று கேட்டார். ஜன்னலாக இருக்கலாம் என்றார் அவர். அப்படியானால் அந்த ஜன்னல் வழியாகவே கொலையாளி வெளியே ஓடினானா என்று அடுத்த கேள்வி வந்தது.

அந்தக் களையெடுத்த அம்மாள் உண்மையிலேயே எதையோ பார்த்திருக்கலாம். அதுதான் என்னை அதிகம் எரிய வைக்கிறது. அவரை மட்டும் நேர்மையாக விசாரித்திருந்தால் இந்தக் கேஸ் எங்கோ போய்ச் சேர்ந்திருக்கும். சாட்சியை ஜோடிக்கும் போலீஸ் என்றான பிறகு, அவர் சொன்னதையும் யார் நம்புவது? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து முருகேசனை விடுதலை செய்தார்கள். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கணவனை ஜெயிலிலிருந்து கூட்டிப்போனபோது அவளுடைய சின்னப் பிள்ளைக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை.

சில நாள் கழித்துப் பாண்டியம்மாள் என் ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கதவு பூட்டியிருந்துச்சுன்னு நாஞ் சொன்னதாலதேன் அவன விட்டாகளாம்ல?"

ஆமாம் என்றேன்.

"அப்ப நான் பொய் சொல்லியிருக்கணுமா?"

"இல்லம்மா. அந்தக் கோர்ட்டுல நீங்க ஒருத்தருதேன் நெசத்தச் சொன்னீக."

மறு விசாரணை கேட்டு அவருக்காக மனு எழுதினேன். ஸ்டேஷனுக்கு நானும் கூடவே போனேன். கேஸ்தான் முடிந்துபோயிற்றே, இனி எதற்கு என்று கேட்டார்கள். அங்கேயே சத்தம் போட்டேன். சத்தம் போட்டதுதான் மிச்சம்.

ஜூனியர்களுக்குச் சொல்வது இதுதான். சம்பவம் நடந்த வீட்டு வாசலில் போய் நின்று பாருங்கள். சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போக வேண்டும், அதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. ஆனால் அந்தச் சந்தேகத்தைப் போலீசே உண்டாக்கினால், செத்தவன் வீட்டுக்கு யார் பதில் சொல்வது? ஸ்டேஷன் படியிறங்கும்போது பாண்டியம்மாள் என்னிடம் கேட்டார்:

"அவன் வெட்டலைன்னா, எம் புருசன வெட்டுனது யாருன்னு இனிமே ஒருத்தரும் தேட மாட்டாகளா?"