ஹீற்றர் பார்க்கப் போன யோகேஸ்வரி அவர்கள்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் மரக்கறிக் கடையொன்றில் நின்றபோது யோகேஸ்வரி அவர்களின் மகள் அழைத்தார். "மாமா, அம்மா விடிய அஞ்சு மணிக்குப் போயிட்டா." எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. இனி அவரிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை என்ற ஆறுதல்தான் வந்தது. அந்த ஆறுதலுக்கு வெட்கப்பட்டே இதை எழுதுகிறேன்.

லண்டன் உள்ளூராட்சிக் கவுன்சில் ஒன்றின் வாடகை உதவிப் பிரிவில் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். எதிரெதிர் மேசைகள். என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் யோகமக்கா என்று அழைப்பேன். கோபக்காரர். சிறிய அறை ஒன்றைப் பெரிய அறை என்று வாதாடிய வீட்டுச் சொந்தக்காரரிடம், "அப்ப நீங்களும் வந்து அதுக்குள்ள படுங்கோ, பாப்பம்" என்றார். முறைப்பாடு வந்தது. மன்னிப்புக் கடிதத்தை நான்தான் எழுதினேன். அவர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

பின்னர் நான் மனேஜர் ஆனேன். அவர் அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கவே இல்லை.

காஸ், கறன்ற் விலைகள் ஏறிய ஆண்டில், வாடகையோடு திண்டாடும் குடும்பங்களுக்குத் தன் சொந்த நிதியிலிருந்து மேலதிக உதவி கொடுக்கக் கவுன்சில் முடிவெடுத்தது. எவ்வளவு கொடுப்பது என்று வகுக்கும் பொறுப்பு என்னுடையது. வாடகைப் பங்கைக் கணிப்பது சுலபம். அந்தந்தப் பகுதி வாடகைகள் எங்களிடம் இருந்தன. வீட்டைச் சூடாக்கும் செலவுக்கு, அறைகளின் எண்ணிக்கைப்படி ஓர் அட்டவணை போட்டேன். அதைப் பார்த்துவிட்டு யோகமக்கா என் மேசைக்கு வந்தார்.

"ரமணன், அறையை எண்ணி என்ன காணப்போறியள்? ஹீற்றரை எல்லோ பாக்கோணும். காஸ் இருக்கிற மூண்டறை வீட்டைவிட, கறன்ற் ஹீற்றர் போட்ட ஒரு அறைக்குக் கூடக் காசு முடியுது."

"வீடு வீடாப் போய்ப் பாக்க ஏலுமோ, அக்கா?"

"நான் போறன்."

நான்கு சனிக்கிழமைகள் போனார். ஒவ்வொரு மீற்றரையும் பார்த்தார், சுவர் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒரு வீட்டில் இளம் தாயொருவர், சமையல் அடுப்பின் கதவைத் திறந்துவைத்து, அந்தச் சூட்டில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாராம். எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதித் தந்தார். "இதை அப்பிடியே உங்கட அறிக்கையோட வையுங்கோ."

"ஓம், வைக்கிறன்" என்றேன்.

வைக்கவில்லை. ஒரே அட்டவணையாகச் சுருக்கமாக இருக்கட்டும் என்றார் என் மேலதிகாரி. அவருக்கு அடுத்த பதவி அப்போது காலியாக இருந்தது. என் கண் அதில் இருந்தது. கவுன்சில் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "வீடுகளை யாராவது நேரில் போய்ப் பார்த்தீர்களா?"

"இல்லை, அதற்கு நேரம் கிடைக்கவில்லை" என்றேன்.

கடைசி வரிசையில் யோகமக்கா இருந்தார். விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். படியிறங்கும்போது என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார். "நேரம் கிடைக்கேல்லையோ, ரமணன்?"

அட்டவணை நிறைவேறியது. அந்தக் குளிர்காலம் முழுக்க, தாம் போன வீடுகளுக்கெல்லாம் மறுபரிசீலனை கேட்டு ஒவ்வொன்றாக எழுதினார். அவை என் மேசைக்கே வந்தன. கறன்ற் பில்லைக் காட்டியவர்களுக்குக் கூட்டிக் கொடுத்தேன். அடுப்புச் சூட்டில் இருந்த அந்தத் தாய் மீற்றருக்கு முன்கூட்டியே காசு போட்டுக் கறன்ற் எடுப்பவர். அவரிடம் பில் இல்லை, மறுத்துவிட்டேன். தை மாதம் ஒருநாள் யோகமக்கா வந்து நின்றார்.

"பிள்ளைக்கு நெஞ்சுச்சளி. ஆஸ்பத்திரியில வைச்சிருக்கினம்."

"பேப்பர் இல்லாமல் நான் என்ன செய்ய, அக்கா?"

"உங்களிட்ட ரெண்டு பக்கம் இருக்கு."

அன்றே கையெழுத்திட்டேன். குழந்தை பிழைத்து வீடு திரும்பியது. ஆனால் அது அங்கே படுத்திருந்த ஒன்பது நாளும் என் கணக்கில்தான் சேரும்.

மறு ஆண்டு, ஹீற்றரின் வகைப்படி உதவியை வகுக்கும் முறை வந்தது. அதற்கான அறிக்கையாக அந்த இரண்டு பக்கத்தையும் ஒரு சொல் மாற்றாமல், என் பெயரில் கொடுத்தேன். கூட்டத்தில் எனக்கு நன்றி சொல்லிக் கைதட்டினார்கள். யோகமக்காவும் தட்டினார். அதில் கேலி இல்லை. முறை மாறிவிட்டதே என்ற மகிழ்ச்சிதான் அவர் முகத்தில் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் நோயுற்றபின் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தோடுதான் போனேன். அவரோ, "இந்தமுறை உதவிக்கு எவ்வளவு வைச்சிருக்கினம்? மீற்றருக்குக் காசு போடுற சனத்துக்குக் காணுமோ?" என்று விசாரித்தார். பதில் சொன்னேன். பார்வையாளர் நேரம் முடிந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

இறுதிச் சடங்கில் என்னைப் பேசச் சொன்னார்கள். நேர்மையானவர், உழைப்பாளி என்றேன். எல்லாம் உண்மை, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. மறுநாள், நான் ஓய்வுபெற்று வந்த அந்த அலுவலகத்துக்கே கடிதம் எழுதினேன்: அந்த முறையை வகுத்தவர் யோகேஸ்வரி அவர்கள், நான் அல்ல. கோப்பில் சேர்ப்பதாகப் பதில் வந்திருக்கிறது.

சடங்கு நாளன்று தகனம் முடிந்து வெளியே வந்தபோது மழை தூறியது. ஒருவரையொருவர் அறியாத பலர் கூரையோரம் ஒதுங்கி நின்றார்கள். ஒரு பெண் பக்கத்தில் நின்ற முதியவரிடம், "உங்கட வீட்டுக்கும் வந்தவவோ?" என்று கேட்டார். "ஓம், ரெண்டு தரம்" என்றார் அவர். இன்னொருவர் திரும்பி, "எங்கட வீட்டுக்கும்" என்றார். அந்தக் கேள்வி ஆள் மாறி ஆள் மாறி என் பக்கம் வந்துகொண்டிருந்தது. அது என்னை எட்டுமுன் மழைக்குள் இறங்கி நடந்தேன்.

போய் வாருங்கோ, யோகமக்கா. நீங்கள் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும்.