வற்றக் காய்ச்சிய தண்ணீர்

தண்ணீரைக் கண்டால் அதற்குள் என்ன கரைந்திருக்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. படிகாரம் விழுந்ததும் கலங்கல் திரண்டு அடியில் இறங்குவதையும், குளோரின் அளவு பார்க்கும் மருந்து ஒரு துளி பட்டதும் கண்ணாடிக் குழாய்க்குள் நிறம் பிடிப்பதையும் இத்தனை வருடமாகப் பார்த்தும் அலுக்கவில்லை. கலியாண வீட்டில் தேசிக்காய் பிழிந்த தண்ணீர் கொடுத்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். பக்கத்தில் நிற்கும் மனைவி காலை மிதிப்பாள்.

அவளுக்குச் சீதனமாக வந்த உரும்பிராய் வீட்டில்தான் இருக்கிறோம். வீட்டோடு கிணற்றில் பங்கும் உண்டென்று காணி உறுதியில் எழுதியிருக்கிறது. செம்மண் தோட்டத்துக்கு நடுவில் கிணறு, சுற்றிவர மாமாவின் வெங்காயப் பாத்திகள். மாமா என்றால் மனைவியின் அப்பா. மாமி காலமான பிறகும் தோட்டத்தைக் கைவிடவில்லை. இந்தப் பக்கத்தில் இதுதான் நல்ல தண்ணீர்க் கிணறு என்று யாராவது சொன்னால் அன்றைக்கு முழுக்க மனிதர் நிமிர்ந்துதான் நடப்பார்.

போன வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். தாய்ப்பால் போதாமல் பால்மா கரைக்க வேண்டி வந்தது. அதற்கு எந்தத் தண்ணீர் என்பதில் எனக்கும் மாமாவுக்கும் இழுபறி. நான் கிணற்றுக்குள் குளோரின் தூளைக் கரைத்து ஊற்றினேன்.

"ஆசுப்பத்திரி மணம் மணக்குது தம்பி. உந்தத் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்கேலாது" என்றார் மாமா.

"கிருமி சாகும் மாமா."

"நான் காய்ச்சினாலும் சாகும்."

அவர் காய்ச்சும் விதமே வேறு. கசாயம் வைப்பதுபோல நாலு பங்கு ஒரு பங்காக வற்றும்வரை விறகடுப்பை விட்டு எழும்பமாட்டார். வற்ற வற்றத்தான் தண்ணீர் சுத்தமாகும் என்பது அவருடைய கணக்கு. புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பேத்திக்காக அவர் அப்படி இருப்பதைப் பார்த்ததும் எனக்கு வாதாட மனம் வரவில்லை. விட்டுவிட்டேன்.

சில நாட்களின் பின் பிள்ளையை நிறுக்க வந்த மருத்துவமாது கிணற்றையும் பாத்திகளையும் மாறி மாறிப் பார்த்தார். "தோட்டக் கிணத்துத் தண்ணியைக் கைக்குழந்தைக்குக் குடுக்காதேங்கோ. பசளை இறங்கியிருக்கும்" என்றார். பசளையிலிருந்து தண்ணீரில் கரையும் நைத்திரேற்று உப்பைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. பயம் வந்தது உண்மை. ஆனால் புதிதாக ஒன்றைச் சோதிக்கலாம் என்ற ஆவல் அதைவிட முந்திக்கொண்டு வந்தது. அன்றே மேலதிகாரியிடம் கேட்டு வேலையிடத்திலிருந்து சோதனைத் தாள்கள் கொஞ்சம் கொண்டுவந்தேன்.

கிணற்றுத் தண்ணீரில் நனைத்த தாளின் வெள்ளை நுனி மெல்ல ரோஸ் நிறமானது. பெட்டியிலிருந்த நிறங்களோடு வைத்துப் பார்த்தேன். குழந்தைக்கு ஆகாத அளவு. அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. மாமா காய்ச்சி ஆறவைத்திருந்த தண்ணீரிலும் ஒரு தாளைத் தோய்த்தேன். நுனி பீட்ரூட் நிறத்துக்குப் போனது. அருகில் நின்ற மாமா என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் தம்பி இது இன்னும் கூடச் சிவக்குது?"

"உப்புத் தண்ணியைக் காய்ச்சினா உப்பு எங்கை மாமா போகும்?"

"சட்டியிலைதான் கிடக்கும்" என்றவர் தான் காய்ச்சிய சட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

கொதியில் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, என்னுடைய குளோரினும் அதை ஒன்றும் செய்யாது என்று சொன்னேன். அளவு கூடினால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவிச் செல்லாது, உதடு நீலம் பாயும் என்றேன். மனைவி கரைத்து வைத்திருந்த பாலை வெளியே ஊற்றிவிட்டுப் பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கினாள். உதடு சிவப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் உடனே வைத்தியரிடம் ஓடினோம். அவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். வரும் வழியில் போத்தல் தண்ணீர் வாங்கினோம். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அன்று பின்னேரம் மாமா பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறப் போகவில்லை. என்னிடம் வந்து இருந்தார்.

"நகமும் நீலமாகுமோ தம்பி?"

"ஓம் மாமா."

என் மனைவி பிறப்பதற்கு முன் மாமாவுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்து ஒன்றிரண்டு மாதத்தில் தவறியது என்று மட்டும் எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

"அவனுக்கும் பால்மாதான். நான்தான் தண்ணி காய்ச்சினனான். இருதயத்திலை ஓட்டையாக்கும் எண்டு சனம் சொன்னது. அப்ப யூரியா மூட்டை மூட்டையா வந்த காலம். அவனுக்குப் பிறகு இவள் பிறக்கேக்கை சண்டை, யூரியாவுக்குத் தடை. பாத்திக்கு நான் ஒண்டும் போடேல்லை. இவளுக்கு ஒண்டும் ஆகேல்லை." கிணற்றுப் பக்கம் திரும்பினார். "அந்த நாளையிலை தண்ணி எப்பிடி இருந்தது எண்டு இப்பச் சோதிச்சுப் பாக்கேலாதோ?"

"ஏலாது மாமா."

அவன் போனது அதனால் இருக்காது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது தெரியாது.

கதவடியில் நின்ற மனைவி எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். போத்தல் தண்ணீரில் பால் கரைத்துக்கொண்டு பிள்ளையோடு வந்தாள்.

"அப்பா, இண்டைக்கு நீங்கள் குடுங்கோ."

அவர் கையை நீட்டவில்லை.

"நீ குடு பிள்ளை" என்றார். "நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."